‘நெட் வரல’ என்றால் எங்கே வரவில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நெல்லை, தென்காசி மாவட்டங்களில் இப்போது சிற்றூர்த் தெருக்களில்கூட கரண்டு கம்பத்துக்குக் கம்பம் பைபர் கேபிள் ஓடுகிறது. பட்டா நகல் எடுப்பது, கரண்டு பில் கட்டுவது, பிள்ளைகளைப் பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவது என்று பாதி வேலை வீட்டு நெட்டில்தான் நடக்கிறது. அது நின்றுபோகிற அன்று மட்டும் ‘நெட் வரல’ என்பதற்கு மேல் நம்மிடம் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. கம்பெனிக்காரரும் ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். ஆள் வந்தாலும், பழுது எந்த இடத்தில் என்று தெரியாமலே வருவதால் வேண்டிய சாமான் கையில் இருக்காது. நாளைக்கு வருகிறேன் என்று போய்விடுவார். ஒரு நாளில் முடிய வேண்டியது நாலு நாள் இழுக்கிறது.

இதற்கு மருந்து பெரிய படிப்பு அல்ல. பத்துப் பன்னிரண்டு சொற்கள் தெரிந்தால் போதும். அறுந்திருப்பது எந்தத் துண்டு என்று வீட்டில் இருப்பவர்களே போனில் சொல்லிவிடலாம். அந்தச் சொற்களையும் அவற்றை வைத்துப் பழுது கண்டுபிடிக்கும் முறையையும் தங்கள் வாசகர்களுக்காக எழுதுகிறேன். இடம் ஒதுக்க வேண்டுகிறேன்.

முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியது, இன்டர்நெட் வேறு, வைஃபை வேறு. பாபநாசம் அணை நிரம்பிக் கிடந்தாலும் மடை அடைத்திருந்தால் வயல் காயத்தான் செய்யும். மடை திறந்திருந்தும் கால்வாயில் தண்ணீர் வராத நாளும் உண்டு. வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்புதான் இன்டர்நெட். வீட்டுப் பெட்டியிலிருந்து போனுக்கும் லேப்டாப்புக்கும் ரேடியோ அலையாகப் போவது வைஃபை. போனின் மேல் மூலையில் வைஃபை கோடுகள் முழுதாக நின்றால், போனுக்கும் பெட்டிக்கும் இடையில் எல்லாம் சரி என்பது மட்டுமே பொருள். பெட்டிக்குப் பின்னால் கேபிள் அறுந்து தெருவில் தொங்கினாலும் கோடுகள் முழுதாகத்தான் நிற்கும். ‘சிக்னல் ஃபுல்லா இருக்கு, நெட் மட்டும் வரல’ என்று சொல்பவர் பழுதின் பாதியை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்: வைஃபை நன்றாக இருக்கிறது, பழுது அதற்கு அப்பால் இருக்கிறது.

பெட்டி என்று ஒன்றைச் சொன்னாலும் உள்ளே வேலைகள் பல. பைபரில் ஒளியாக வருவதை மின் சைகையாக மாற்றுவது ஓஎன்டி என்ற பகுதி. பழைய டெலிபோன் லைனில் இந்த வேலையை மோடம் செய்தது. அந்தப் பழக்கத்தில் இதையும் மோடம் என்றே பலர் சொல்கிறோம். வந்த ஒற்றை இணைப்பை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பங்கிட்டு அனுப்புவது ரௌட்டர். வயர் வழியாகப் பல கருவிகளைச் சேர்ப்பது சுவிட்ச். பெட்டியின் முதுகில் வரிசையாக இருக்கும் சதுர ஓட்டைகள் அதனுடையவை. ரேடியோவாக மாற்றி அனுப்புவது ஆக்சஸ் பாயிண்ட். பைபர் கம்பெனிகள் தரும் பெட்டிகளில் பெரும்பாலும் நான்கும் ஒரே கூட்டுக்குள் அடங்கியிருக்கும். சில வீடுகளில் ஓஎன்டி தனியாகவும் ரௌட்டர் தனியாகவும் இருக்கும். அப்படியென்றால் இடையில் ஒரு லேன் கேபிள், அதாவது கருவிகளை இணைக்கும் நெட் வயர், போகும். அந்தக் கேபிள் கழன்று கிடப்பதே பழுதாக இருந்த வீடுகள் ஏராளம். முதலில் அதை அழுத்திப் பாருங்கள்; ‘டக்’ என்று பூட்டும் சத்தம் வரவேண்டும்.

பழுதைத் தேடத் தொடங்க வேண்டிய இடம் ஓஎன்டி விளக்குகள். பெரும்பாலான பெட்டிகளில் ‘பவர்’ (POWER), ‘பான்’ (PON), ‘லாஸ்’ (LOS) என்று மூன்று விளக்குகளைக் காணலாம். பான் விளக்கு பச்சையாக அசையாமல் எரிந்தால் பைபர் நன்றாக இருக்கிறது, கம்பெனியின் கருவியோடு பேச்சு நடக்கிறது. லாஸ் விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை. அப்போது பெட்டியை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. கேபிள் அறுந்திருக்க வேண்டும், அல்லது மடங்கியிருக்க வேண்டும், அல்லது பச்சை நிறக் கனெக்டர் கழன்றோ தூசி படிந்தோ இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் அணிலும் எலியும் கடிப்பது வாடிக்கை. ராதாபுரம், வள்ளியூர் பக்கம் ஆனி ஆடிக் காற்றில் கம்பத்துக் கேபிள் ஆடி ஆடி, கட்டிய இடத்தில் நசுங்கிப்போவதும் உண்டு.

உள்ளே இருப்பது தலைமுடியை ஒத்த கண்ணாடி இழை. ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் ஆரத்துக்கும் சிறிய வளைவாக மடித்தால் ஒளி வளைவிலேயே கசிந்துவிடும். மீதமுள்ள கேபிளை இறுக்கிச் சுருட்டி ஆணியில் மாட்டுவது, கதவு இடுக்கில் விட்டுக் கதவைச் சாத்துவது, வாசலுக்கு வெள்ளையடிக்கும்போது பிடுங்கி ஓரமாகத் திணிப்பது, இந்த மூன்றும்தான் வீட்டுக்குள் நாமே உண்டாக்கும் பழுது. கனெக்டரைக் கழற்றினால் நுனியை விரலால் தொடக் கூடாது, வாயால் ஊதவும் கூடாது. ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் ஒளி குறையும். நுனியைக் கண்ணுக்கு நேரே வைத்து ஒளி வருகிறதா என்று பார்ப்பது ஆபத்து. வருவது அகச்சிவப்பு லேசர், கண்ணுக்குத் தெரியாது, கண்ணுக்குக் கேடு செய்யலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கழற்றிய நுனிக்கு மூடி போட்டு வையுங்கள்.

வரும் ஒளியின் அளவை டிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள். வீட்டுப் பெட்டிக்கு அது மைனஸ் எண்ணாகவே வரும்; மைனஸுக்குப் பின் வரும் எண் கூடக் கூட ஒளி குறைவு. மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை இருந்தால் நல்ல இணைப்பு. மைனஸ் 27-ஐ ஒட்டிப் போனால் இணைப்பு விட்டுவிட்டு வரும். மழை பெய்தால் போகும், வெயில் வந்தால் திரும்பும். இந்த எண் ஓஎன்டியின் செட்டிங்ஸ் பக்கத்திலும் தெரியும், டெக்னீஷியன் கையிலுள்ள பவர் மீட்டரிலும் தெரியும். வந்தவரிடம் ‘பவர் எவ்வளவு காட்டுதுங்க?’ என்று கேளுங்கள். கேட்பவருக்கு விவரம் தெரியும் என்றாலே வேலை ஒழுங்காக நடக்கும்.

இன்னொரு எச்சரிக்கை, இதுவே மிக முக்கியம். பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சிறு ஓட்டை இருக்கும். ரீசெட் என்று எழுதியிருக்கும். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ரீஸ்டார்ட் என்றால் சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் விட்டு, மறுபடி போடுவது, எதுவும் அழியாது. ரீசெட் ஓட்டையில் குண்டூசியை விட்டுப் பத்து செகண்ட் அழுத்தினால் வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்து பெட்டி தயாரான நாளின் நிலைக்குப் போய்விடும். பல இணைப்புகளில் கம்பெனியோடு சேர்வதற்கான யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் (கம்பெனி தன் இணைப்புகளைப் பிரித்தறிய வைக்கும் எண்) ஆகியவையும் பெட்டிக்குள்தான் எழுதப்பட்டிருக்கும், அவையும் போய்விடும். அரை மணி நேரத்தில் தானே சரியாகியிருக்கும் பழுதுக்கு ரீசெட் அழுத்திவிட்டு, பிறகு ஆளுக்காகக் காத்துக் கிடக்க நேரும். கம்பெனிக்காரர் போனில் சொன்னால் ஒழிய அந்த ஓட்டையைத் தொடாதீர்கள்.

பான் விளக்கு பச்சையாக இருந்தும் நெட் வராவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஐபி முகவரி. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரௌட்டர் ஒரு எண் கொடுக்கும். அது 192.168.1.5 போல நான்கு பகுதியாக இருக்கும். இப்படி எண் கொடுக்கும் வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். 192.168 என்று தொடங்கும் எண்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும், அதே 192.168.1.5 பேட்டையிலும் இருக்கும், மேலப்பாளையத்திலும் இருக்கும், மோதிக்கொள்ளாது. வெளியுலகத்துக்கு வீடு முழுவதற்கும் வேறு ஒரு எண்தான் தெரியும். ரௌட்டரின் சொந்த எண், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, கேட்வே எனப்படும். அதை பிரவுசரில் தட்டினால் ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். போனின் வைஃபை செட்டிங்ஸில், சேர்ந்திருக்கும் பெயரின் மேல் தொட்டால் இரண்டு எண்களும் தெரியும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் உங்கள் எண் 169.254 என்று தொடங்கினால் ரௌட்டர் எண் கொடுக்கவில்லை, கம்ப்யூட்டர் தானாகவே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். பழுது வீட்டுக்குள்தான், கம்பெனிக்குப் போன் போடும் முன் ரௌட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

லேப்டாப் இருக்கும் வீட்டில் ‘பிங்’ என்ற ஒரே கட்டளையால் பழுதின் இடத்தைக் கண்டுவிடலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பிங் என்பதை ஆங்கிலத்தில் (ping) தட்டி, இடைவெளி விட்டு, கேட்வே எண்ணைத் தட்டி என்டர் அழுத்துங்கள். சில மில்லி செகண்டில் ‘ரிப்ளை’ என்று நான்கு வரி வந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி. வராவிட்டால் வைஃபையிலோ கேபிளிலோ கோளாறு. அடுத்து அதே போல 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங் போடுங்கள். அது கூகுள் நடத்தும் ஒரு கம்ப்யூட்டரின் முகவரி. கேட்வே பதில் சொல்லி இது சொல்லாவிட்டால், பழுது ரௌட்டருக்கு வெளியே, கம்பெனியின் பொறுப்பில். இரண்டும் பதில் சொல்லியும் இணையதளம் எதுவும் திறக்காவிட்டால் குற்றம் பெரும்பாலும் டிஎன்எஸ்ஸில். நாம் எழுத்தில் தட்டும் தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவைதான் டிஎன்எஸ். கம்பெனியின் டிஎன்எஸ் படுத்துக்கொண்டால், ரௌட்டரின் செட்டிங்ஸில் டிஎன்எஸ் என்ற கட்டத்தில் 8.8.8.8 என்றும் இரண்டாவதில் 1.1.1.1 என்றும் (இரண்டும் பொது டிஎன்எஸ் எண்கள்) போட்டுச் சேமித்தால் போதும், ஆளே வரவேண்டாம். ‘கேட்வே பிங் ஆகுது, எட்டு எட்டு பிங் ஆகல, பான் பச்சையா இருக்கு’ என்று ஒரு வரி சொன்னால், மறுமுனையில் இருப்பவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று விளங்கிவிடும்.

வேகத்துக்கு வருவோம். இங்கே ஏமாற்றம் அதிகம், ஏமாற்று குறைவு. விளம்பரத்தில் 40 எம்பிபிஎஸ் என்று இருப்பது மெகாபிட் கணக்கு. பைல் இறங்கும்போது திரையில் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 40 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 5 மெகாபைட்தான் இறங்கும். 700 மெகாபைட் பைலுக்கு இரண்டு நிமிடம் இருபது செகண்ட் ஆகும். 5 என்று காட்டுவதைப் பார்த்து, எட்டில் ஒரு பங்குதான் தருகிறார்கள் என்று சண்டைக்குப் போகவேண்டாம். நம் நாட்டில் ஓர் இணைப்பை பிராட்பேண்ட் என்று சொல்ல 2023 முதல் குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேண்டும். அதற்கு முன் 512 கேபிபிஎஸ்ஸே போதுமானதாக இருந்தது. ‘அன்லிமிடெட்’ என்று போட்டிருந்தாலும் மாத அளவு ஒன்று உண்டு. பல திட்டங்களில் அது 3,300 ஜிபி. அதைத் தாண்டினால் நெட் நிற்காது, வேகம் சில எம்பிபிஎஸ்ஸாகக் குறையும். அந்தச் சிறிய எழுத்தைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

உண்மையான வேகக் குறைவு பெரும்பாலும் வைஃபையில்தான் நடக்கிறது. வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது: 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ். முதலாவது சுவர் தாண்டித் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு, நெரிசல் அதிகம். இரண்டாவது வேகமானது, ஆனால் இரண்டு சுவருக்கு அப்பால் துவண்டுவிடும். மொபைலில் வரும் 5ஜி-க்கும் இந்த 5 ஜிகாஹெர்ட்ஸுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ‘என் போன் 5ஜி போன்தானே’ என்று குழம்ப வேண்டாம். விலை குறைந்த பல போன்களும் ரௌட்டர்களும் 2.4 மட்டுமே அறிந்தவை. அப்படிப்பட்ட போனில், ரௌட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் 40, 50 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் கிடைப்பது அரிது. திட்டம் 100 எம்பிபிஎஸ்ஸாக இருக்கலாம். அந்தப் போனில் அது தெரியவே தெரியாது. திட்டத்தை 200-க்கு உயர்த்துவதும் வீண் செலவு. வேகத்தைச் சோதிக்கும்போது லேன் கேபிளால் லேப்டாப்பை ரௌட்டரோடு நேராக இணைத்துச் சோதியுங்கள். அப்போது முழு வேகம் வந்தால் கம்பெனி சொன்னதைக் கொடுத்துவிட்டது. ரௌட்டரின் லேன் ஓட்டைகளே 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் தாங்காத வகையாக இருந்தால் கேபிளிலும் 95-ஐ ஒட்டித்தான் காட்டும். 100-க்கு மேற்பட்ட திட்டம் எடுப்பவர்கள் ‘ஜிகாபிட் போர்ட்’ (1000 எம்பிபிஎஸ் தாங்கும் ஓட்டை) உள்ள பெட்டியா என்று கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது சேனல், அதாவது ஓர் அலைவரிசைக்குள் பிரித்து வைத்திருக்கும் பாதை. 2.4-இல் நம் நாட்டில் 13 சேனல்கள் உண்டு. ஆனால் ஒரு ரௌட்டர் பேசத் தொடங்கினால் நாலு சேனல் அகலத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றே. நம்மூர் வளவு வீடுகளில், ஒட்டிய சுவர்களோடு ஆறேழு குடும்பம் இருக்கும். ஆறேழு ரௌட்டரும் 2.4-இல் கத்திக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டார் 1-இல் இருக்கிறார்களே என்று நாம் 3-க்குப் போவது தவறு. ஒரே சேனலில் இருந்தால் இரு ரௌட்டர்களும் ஒன்றையொன்று கேட்டு, முறைவைத்துப் பேசும். பாதி உரசும் சேனலில் இருந்தால் ஒன்றின் பேச்சு மற்றதற்கு வெறும் இரைச்சல், இருவருக்கும் கெடும். இலவச வைஃபை அனலைசர் செயலி ஒன்றைப் போனில் போட்டுப் பார்த்து, மூன்றில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். சேனல் அகலம் என்ற இடத்தில் 2.4-க்கு 20 மெகாஹெர்ட்ஸ் என்றே வையுங்கள். 40 வைத்தால் வளவு முழுவதுக்கும் தொல்லை. 5 ஜிகாஹெர்ட்ஸ் உள்ள கருவிகளை அங்கே மாற்றிவிடுங்கள். அங்கே இடம் தாராளம். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் 2.4-இல்தான் ஓடுகின்றன. அடுப்பு ஓடும்போது அடுக்களையில் நெட் திக்கினால் அதுவே காரணம்.

நம் பகுதி வீடுகளின் அமைப்பே வைஃபைக்கு ஒரு சோதனை. கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்து அக்கிரகாரங்களிலும் பழைய தெருக்களிலும் வீடு அகலம் குறைந்து நீளம் மிகுந்து இருக்கும். திண்ணை, தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுக்களை என்று புறவாசல் வரை ஒரே நேர்கோடு. குறுக்கே ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர்கள். கேபிள் தெருவிலிருந்து வருவதால் பெட்டியைத் தார்சாவிலேயே அறைந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அலையின் பாதி தெருவுக்குப் போகிறது. பின்கட்டில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு கோடுகூட வருவதில்லை. கேபிள் இழுக்க வரும் அன்றே ‘பட்டாசல் நடுவில் வையுங்க’ என்று கேளுங்கள். பைபரை வீட்டுக்குள் இன்னும் பத்துப் பதினைந்து மீட்டர் கொண்டுபோவதால் ஒளி அளவு குறையாது. ஆளுயரத்துக்கு, திறந்த இடத்தில், டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோ பக்கத்திலோ அல்லாமல் வைக்க வேண்டும். இரும்பும் தண்ணீரும் ரேடியோ அலைக்கு எதிரிகள். நிலைக்கண்ணாடியின் பின்பூச்சும் அப்படியே. கான்கிரீட் தளத்தில் கம்பி வலை இருப்பதால் மாடிக்கு அலை சிரமப்பட்டே ஏறும். ஆண்டெனா நேராக நின்றால் அலை பக்கவாட்டில் பரவும். மாடிக்கும் வேண்டுமானால் ஒன்றைப் படுக்கவைத்துப் பாருங்கள்.

அனலைசர் செயலியில் வைஃபை வலிமையும் டிபிஎம்மில்தான் தெரியும். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் தடங்கல் இல்லாமல் போகும். மைனஸ் 80-க்குக் கீழே போனால் இணைந்திருப்பதாகக் காட்டும், எதுவும் நகராது. வீடு முழுக்க நடந்து, ஒவ்வொரு அறையிலும் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு பெட்டி எங்கே வேண்டும் என்று அந்தக் குறிப்பே காட்டிவிடும்.

பின்கட்டுக்கு வைஃபை கொண்டுபோக, பிளக்கில் செருகும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்குவோர் அதிகம். நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகும். அதை வைப்பதும் வலிமை ஏற்கெனவே செத்துப்போன இடத்தில். செத்ததைத்தான் அதுவும் திருப்பிச் சொல்லும். அதைவிட ஒரு லேன் கேபிள் இழுத்து, பழைய ரௌட்டர் ஒன்றைப் பின்கட்டில் ஆக்சஸ் பாயிண்டாக வைப்பது மேல். கேட்5இ அல்லது கேட்6 என்று அச்சிட்ட, முழுச் செம்புக் கேபிளாக வாங்குங்கள். அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது மலிவு, ஆனால் வளைத்தால் ஒடியும். 100 மீட்டர் வரை இழுக்கலாம். கரண்டு வயரோடு சேர்த்து ஒரே பைப்பில் விடக் கூடாது, ஓர் அடியாவது விலகி ஓடட்டும். உள்ளே எட்டுக் கம்பிகள். இரு முனையிலும் ஒரே வரிசையில் கிரிம்ப் செய்ய (கனெக்டரில் செருகி அழுத்திப் பூட்ட) வேண்டும்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி சேராமல் விட்டால் கேபிள் வேலை செய்யும், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். இந்தப் பழுதைக் கண்டுபிடிக்கத்தான் பலர் திண்டாடுகிறார்கள்.

இரண்டாவது ரௌட்டரை அப்படியே செருகினால் இருக்கிற நெட்டும் போகும். ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் அதைத் தனியாக ஓடவிட்டு, லேப்டாப்பை அதோடு மட்டும் இணைத்து, செட்டிங்ஸ் பக்கத்தைத் திறங்கள். முதல் ரௌட்டர் 192.168.1.1 என்றால் இதன் எண்ணை 192.168.1.2 என்று மாற்றுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் முதல் பெட்டியில் உள்ளதே இருக்கட்டும், சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும். முன்னது 1 என்றால் இது 11. கடைசியாக டிஹெச்சிபி சர்வரை அணைத்துச் சேமியுங்கள். பிறகு முன்கட்டு ரௌட்டரின் லேன் ஓட்டையிலிருந்து வரும் கேபிளை இதன் லேன் ஓட்டையில் செருகுங்கள். வேறு நிறத்தில் தனித்து இருக்கும் வேன் (WAN) ஓட்டை காலியாகவே இருக்கட்டும். சில ரௌட்டர்களில் ‘ஆக்சஸ் பாயிண்ட் மோடு’ என்று ஒரு தேர்வு இருக்கும். அதைத் தொட்டால் டிஹெச்சிபியை அணைப்பது போன்ற வேலைகளை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இதில் தவறுவது இரண்டு இடங்களில். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டு எண் கொடுக்கும். இரண்டாவதிடம் எண் வாங்கிய போன் அதையே கேட்வே என்று நம்பும், அதற்கு வெளியே வழி கிடையாது. ஒரு போனில் நெட் வரும், இன்னொன்றில் வராது, நாளைக்கு மாறி வரும். எண்ணை மாற்ற மறந்தால் ஒரே முகவரியில் இரண்டு பேர். வீடு முழுக்க விட்டுவிட்டு நிற்கும். கம்பெனி மேல் பழி போடும் புகார்களில் இந்த வகையும் கலந்திருக்கிறது.

வாசல் கேமரா வாங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு. வீட்டுக் கேமராக்களில் பல 2.4 மட்டுமே அறிந்தவை. ரௌட்டரில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்து, போன் 5-இல் சேர்ந்திருந்தால் கேமராவைச் சேர்க்கும் வேலை பாதியில் நின்றுவிடும். சேர்க்கும் நேரத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

கரண்டு போனால் நெட்டும் போகும் என்பது பைபரில் முழு உண்மை அல்ல. தெருக்கம்பத்தில் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்குக் கரண்டே வேண்டாம். அது வெறும் கண்ணாடி வேலை. கம்பெனியின் நிலையத்தில் பேக்கப் இருந்து, உங்கள் பெட்டிக்கும் கரண்டு கிடைத்தால் நெட் ஓடும். ரௌட்டருக்கென்றே சிறு யூபிஎஸ் கடையில் கிடைக்கிறது. வாங்கும் முன் அடாப்டரில் அச்சிட்டதைப் படியுங்கள்: பெரும்பாலும் 12 வோல்ட், 1 ஆம்பியர் அல்லது 1.5 ஆம்பியர். சில பெட்டிகள் 9 வோல்ட், சில 5 வோல்ட். 5 வோல்ட் பெட்டிக்கு 12 கொடுத்தால் எரிந்துவிடும். காரணமில்லாமல் ரௌட்டர் அடிக்கடி தானே அணைந்து எழுந்தால், பெட்டியை மாற்றும் முன் அதே வோல்ட் உள்ள வேறு அடாப்டர் போட்டுப் பாருங்கள். சில வருடம் ஓடிய அடாப்டர் தளர்ந்துபோவது சாதாரணம்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் பைபர் வழியாக மின்னல் வராது, அது கண்ணாடி. ஆனால் கரண்டு லைன் வழியாகவும், மாடிக்கு இழுத்த செம்பு லேன் கேபிள் வழியாகவும் வரும். இடி தொடங்கியதும் அடாப்டரைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிடுங்கள். மாடிக்குப் போகும் கேபிளையும் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வைஃபை பாஸ்வேர்டு குறைந்தது 8 எழுத்து, அதிகம் 63. வீட்டு போன் நம்பரை வைப்பது தெருவுக்கே திறந்துவிட்டது போலத்தான். பூட்டு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும். டபிள்யூஇபி என்ற பழையது 2001-இலேயே உடைக்கப்பட்டது. பாஸ்வேர்டு தட்டாமலே இணைக்கும் டபிள்யூபிஎஸ் என்ற பொத்தான் வசதியை அணைத்துவிடுங்கள். செட்டிங்ஸ் பக்கத்துக்கு வேறொரு பாஸ்வேர்டு உண்டு. அங்கே யூசர்நேமும் பாஸ்வேர்டும் ‘அட்மின்’ என்றே இருந்தால் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். விருந்தாளிகளுக்கு ‘கெஸ்ட் நெட்வொர்க்’ திறந்து கொடுங்கள். உங்கள் இணைப்பிலிருந்து யார் தவறு செய்தாலும் விசாரணை வருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலுக்கு. நெட் வழி மோசடியில் பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

வைஃபை பெயரைத் தமிழில் வைக்க விரும்பும் பிள்ளைகளுக்கு: பெயருக்கான இடம் 32 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்; தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று, புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் கணக்கு. ‘திருநெல்வேலி’ 36 பைட், இடம் போதாது. ‘நெல்லை’ 18 பைட், தாராளமாக அடங்கும். சில ரௌட்டர்கள் தமிழை ஏற்பதே இல்லை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு கொடுக்கும் கம்பெனிகளுக்கும், உள்ளூர்க் கேபிள் ஆபரேட்டர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கேபிள் இழுத்து முடித்த அன்றே வீட்டுக்காரர் கையில் ஒரு சீட்டு கொடுங்கள். அதில் கம்பெனியோடு சேரும் யூசர்நேமும் பாஸ்வேர்டும், விலான் எண், பெட்டியின் சீரியல் எண், செட்டிங்ஸ் பக்கத்தின் முகவரி, அன்றைய ஒளி அளவு டிபிஎம்மில் எவ்வளவு, புகார் எண் எது என்பதை எழுதுங்கள். இணைப்புக் கொடுத்த அன்று மைனஸ் 19 காட்டிய வீட்டில் இன்று மைனஸ் 26 காட்டினால், பெட்டியைக் கழற்றி மாட்டி நேரம் கழிக்காமல் நேரே கம்பத்துக்கு ஏறலாம். வாசகர்களும் இந்தச் சீட்டைக் கேட்டு வாங்காமல் நிறுவல் தாளில் கையெழுத்துப் போடவேண்டாம்.

இப்படிக்கு,
வீட்டு நெட்வொர்க் வேலை அறிந்த ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.